பறக்கிறவர்கள் பழுதை மறைப்பதில்லை

கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும், ஃபவுண்டரிக்காரர்களுக்கும், ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடை நடத்தும் தம்பிமார்களுக்கும்,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் பட்டறைகளிலிருந்து போய், வாரண்டிக்குள்ளேயே எரிந்து திரும்பி வருகிற மோட்டார்களைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வேண்டும். இந்த எண்ணம் எனக்கு நம் தொழிலிலிருந்து வரவில்லை, பறப்பதிலிருந்து வந்தது. அதனால் கொஞ்ச நேரம் விமானக் கதை பேசுவேன். நம் தொழிலுக்கும் வந்து சேருவேன்.

நான் தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் பார்க்கும்போது, “உங்களுக்கென்னங்க, வசதி இருக்குது, பறக்கறீங்க” என்று அன்போடு சொல்வீர்கள். வசதி கொஞ்சம் வேண்டும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற தோல் இருக்கை ஜெட் அல்ல நான் ஓட்டுவது. அது செஸ்னா 172. 1956-ல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. நாலு பேர் உட்காரலாம். நாலு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் இன்ஜின். மூடியைத் திறந்து காட்டினால் உங்கள் பட்டறை ஃபிட்டர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற யந்திரம். அதனால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

மேலேயிருந்து பார்க்கிற கொங்கு நாட்டின் அழகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று நுழைந்து பல்லடத்துக் காற்றாலைகளை ஒரே திசையில் திருப்பி வைத்திருப்பதை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் இன்றைக்குத் தரையில் நடக்கிறதைப் பற்றித்தான் எழுத வேண்டும், அதாவது கிளம்புவதற்கு முன்னால் நடக்கிறதை.

றெக்கைக்கு அடியிலுள்ள சின்ன வால்வை அமுக்கிக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்போம். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும், பெட்ரோல் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்தாக வேண்டும். அடுத்தது மேக்னட்டோ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னட்டோ. பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். ஒரு மேக்னட்டோ போனாலும் ஓடும். கிளம்பும் முன் 1,700 ஆர்.பி.எம்.மில் வைத்து ஒன்றை அணைத்துப் பார்ப்போம். வேகம் கொஞ்சம் இறங்க வேண்டும், ஆனால் 125-க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கவே இல்லையென்றால் சந்தோஷப்படக் கூடாது, அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். அந்த மேக்னட்டோவை எர்த் செய்யும் ஒயர் அறுந்திருக்கலாம். அப்படியிருந்தால் சாவியை அணைத்த பிறகும் யாராவது புரொப்பெல்லரைக் கையால் தொட்டுத் திருப்பினால் இன்ஜின் உயிர் பெற்று ஆளை அடித்துவிடும். வேகம் குறையாததும் ஒரு பழுதின் அடையாளம் என்று கண்டுபிடித்து, அதை ஒரு சோதனையாக எழுதி வைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொன்று, நம் ஊர் வெயிலில் யாரும் நம்ப மாட்டாத ஒன்று: கார்புரெட்டரில் பனி உறைவது. நான் ஓட்டுகிற பழைய மாடலில் கார்புரெட்டர் உண்டு. அதன் குறுகலான கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைக் கடுமையாகக் குளிர வைக்கின்றன. காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி படிந்துவிடும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், ஈரப்பதம் 50 சதவீதம்தான் என்றாலும் இது நடக்கக்கூடும் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடு எச்சரிக்கிறது. ஐப்பசி மாதக் காலைகளை நினைத்துப் பாருங்கள். அடையாளம் என்னவென்றால், த்ராட்டிலில் கை வைக்காமலே ஆர்.பி.எம். மெல்ல மெல்ல இறங்கும். உடனே சூடான காற்றைத் திருப்பிவிடும் நாபை இழுக்க வேண்டும். இழுத்ததும் இன்ஜின் தடதடவென்று ஆடும், பனி உருகின தண்ணீர் உள்ளே போகிறது. அந்த நேரத்தில் பயந்து நாபைத் திரும்ப உள்ளே தள்ளினால் நிலைமை இன்னும் கெடும். பொறுத்தால் வேகம் தானாக ஏறும்.

‘பொறுத்தால் ஏறும்’ என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில், எனக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கு நேர்ந்தது. அவரோ, அவருக்காக வேறொருவரோ அதை எழுதி வைத்தார்கள். அது அச்சாகி, பாடமாகி, கோவைக்காரன் ஒருவனுடைய கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இப்படி வந்து சேர்வதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எப்படி உருவானது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 727, மோசமான வானிலையில் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள டலஸ் விமான நிலையத்தில் இறங்க வந்தது. கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியை ‘இனி கீழே இறங்கலாம்’ என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலையிலிருந்து விலகியிருப்பது விமானிகளின் பொறுப்பு என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் என்ற மலையில் விமானம் மோதி அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அதே பாதையில், அதே குழப்பத்தில் இறங்கி, அதே மலையைக் கொஞ்ச உயரத்தில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் கம்பெனியிடம் நடந்ததைச் சொன்னார்கள். கம்பெனியும் தன் விமானிகள் அத்தனை பேரையும் எச்சரித்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அது வேறு கம்பெனி.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். யுனைட்டெட் எந்தக் கெட்ட காரியமும் செய்யவில்லை. தன் வீட்டுக்குள் பொறுப்பாக நடந்துகொண்டது, அவ்வளவுதான். நம்மில் நல்ல பட்டறைக்காரர்கள் செய்வதும் அதுவேதான்.

அதன் பிறகு அமெரிக்க விமானத் துறை, “தப்பையும் தப்பிப் பிழைத்ததையும் எங்களுக்கு எழுதுங்கள், தண்டிக்க மாட்டோம்” என்று அறிவித்தது. விமானிகள் நம்பவில்லை. உரிமத்தைப் பறிக்கிற கையிடமே போய் யார் குற்றத்தைச் சொல்வார்கள்? எனவே 1976-ல் அந்த வேலையை விண்வெளி நிறுவனமான நாசாவிடம் ஒப்படைத்தார்கள். நாசாவுக்கு யாருடைய உரிமத்தையும் பறிக்கிற அதிகாரம் கிடையாது. எழுதுகிறவரின் பெயர் தாளின் ஒரு துண்டில் மட்டும் இருக்கும். விவரம் தேவைப்பட்டால் அதை வைத்துத் தொடர்புகொண்டு கேட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தத் துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் எங்கேயும் தங்காது. வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதியிருந்தால், பின்னால் அந்தத் தவறு வேறு வழியில் தெரியவந்தாலும் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்து 1979 முதல் மாத இதழாகப் போட்டு வருகிறார்கள். இதுவரை வந்த கடிதங்கள் பத்து லட்சத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன.

பட்டறைக்காரனுக்கு இந்த விமானக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். தொழில் நடத்துகிறவர்களுக்குப் பறப்பின்மேல் ஆசை வருவது ஒன்றும் புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய தேஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர், பிரான்சின் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியில் கிளர்ந்து, தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் சொல்லி, 1910-ல் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். இந்தியாவில் உரிமம் பெற்ற முதல் விமானி ஜே.ஆர்.டி. டாடா, 1929-ல். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானத்தில் தபாலைக் கொண்டுவந்தவர் அவர். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஆசைக்காகப் பறந்தவர்கள்தான், ஆனால் அந்தத் தபால் மழைக்காலத்திலும் நேரம் தவறாமல் வந்ததை அன்றைய அரசாங்க அறிக்கையே பாராட்டியது.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் அமெரிக்காவின் பில் லியர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், காருக்குள் ரேடியோவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், விமானத்துக்குத் தானியங்கி ஓட்டும் கருவி செய்தவர். பிறகு லியர் ஜெட்டைத் தொடங்கினார். 1964 ஜூனில், சான்றிதழுக்கான சோதனைப் பறப்பில் அவருடைய முதல் விமானம் சோளக்காட்டில் விழுந்து எரிந்தது. ஆட்கள் தப்பினார்கள். றெக்கை மேல் எழும்பி நிற்கும் தடுப்புப் பலகைகளை மடக்காமலே கிளப்பியதுதான் காரணம் என்று தெரிந்தது. காரணம் தெரிந்துவிட்டதால், ஜூலை முடிவதற்குள் அந்த ரக விமானத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. உலகமே பார்க்க விழுந்த விமானம், இரண்டு மாதத்துக்குள் விற்பனைக்குத் தயார். பழுது வெளியே தெரிந்தால் பிராண்டு போய்விடும் என்று நாம் பயப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோளக்காடு ஞாபகம் வரும்.

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன்.

ஒரு காயில் கருகிய விதமே கருகின காரணத்தைச் சொல்லிவிடும். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போய் ஓடியிருந்தால் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதுசு போல இருக்கும். டெல்டா என்றால் ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது மணல் ஏறி ரோட்டர் சுற்ற முடியாமல் நின்றது. மற்றதெல்லாம் நன்றாக இருந்து ஒரே இடத்தில் மட்டும் வெடித்தாற்போல இருந்தால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இன்சுலேஷன் போயிருக்கிறது. அந்தக் கடைசி வகை, பெரும்பாலும், நம் வைண்டிங் மேஜையிலிருந்து கிளம்பிப் போன பழுது.

இவ்வளவு தெளிவான சாட்சியம் எங்கே போகிறது? தாராபுரத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ இருக்கும் ரீவைண்டிங் கடைத் தம்பி மோட்டாரைத் திறந்த நிமிஷமே புரிந்துகொள்கிறார். மறுநாள் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய விவசாயி வாசலில் நிற்கிறார். தம்பி உளியை எடுத்துக் காயிலை வெட்டி எடுக்கிறார். செம்பு எடைக்குப் போகிறது. நமக்கு வருவது டீலர் போனில் சொல்லும் ஒரே வரி: “மோட்டார் எரிஞ்சு போச்சுங்க, மாத்திக் குடுங்க.” காரணம் எதுவாயிருந்தாலும் ஒரே வரி. அதை வைத்து நாம் என்ன திருத்த முடியும்? இன்சுலேஷன் பேப்பரைத் தடிமனாக்குவதா, பேரிங்கை மாற்றுவதா, விவசாயிக்குச் சொல்லிக்கொடுப்பதா?

வாரண்டி விஷயமும் அப்படித்தான். விமான இன்ஜினின் வயதை வருஷத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், ஓடிய மணியில் கேட்பார்கள். நான் ஓட்டும் லைகமிங் இன்ஜினுக்கு 2,000 மணி நேரத்தில் ஓவர்ஹால். அந்தக் கணக்கை எழுதும் லாக் புத்தகம் இன்ஜினோடேயே போகும், விமானம் கைமாறினால் அதுவும் கைமாறும். நாமோ மாதக் கணக்கில் வாரண்டி கொடுக்கிறோம். தென்னந்தோப்பில் தினம் மூன்று மணி நேரம் ஓடும் மோட்டாருக்கும், சாயப்பட்டறையில் ராப்பகலாக ஓடும் மோட்டாருக்கும் ஒரே கணக்கு. இன்று பல தோட்டங்களில் செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கிறது. எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நின்றது என்று அதற்குத் தெரியும். அந்தக் கணக்கைக் கூட்டிக் காட்ட ஒரு வரி சேர்த்தால் போதும், தனியாக ஒரு மீட்டர்கூட வேண்டாம்.

கருவியை விற்றால் மட்டும் போதாது என்பதற்கும் விமானத் தொழிலில் ஓர் உதாரணம் உண்டு. கிளாப்மையர் சகோதரர்கள் இருவருமே பறப்பவர்கள். அவர்களில் ஆலன் 1985-ல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி, முறிந்த றெக்கையோடு இறங்கித் தப்பினார். மற்ற விமானி இறந்துபோனார். அதனால் அவர்கள் சிர்ரஸ் கம்பெனியில் செய்த விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டை எல்லா விமானங்களுக்கும் கட்டாயமாக வைத்தார்கள். 1998-ல் சான்றிதழ் வந்தது. ஆனால் பல ஆண்டுகள் அந்த விமானங்களிலும் மற்றவற்றைப் போலவே உயிர்கள் போயின. பாராசூட் மேலே மடித்து இருக்கிறது, கைப்பிடியை யாரும் இழுக்கவில்லை. பிறகு கம்பெனியும் உரிமையாளர் சங்கமும் சேர்ந்து ஒவ்வொரு விபத்தையும் எடுத்துப் பேசி, ‘சீக்கிரம் இழு’ என்பதைப் பயிற்சியின் நடுவே வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சாவுகள் கணிசமாகக் குறைந்தன. நாம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரை எத்தனை தோட்டங்களில் எலக்ட்ரீஷியன் பைபாஸ் செய்து வைத்திருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேஸ்தான் வருகிறது, பயிர் வாடுகிறது, அவர் வேறென்ன செய்வார்? எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் இது அதிகம் என்று நம்மிடம் சேர்ந்து ஒரு கணக்கு இருந்தால் அந்த இடத்துக்கேற்ற ஸ்டார்ட்டரையே நாம் செய்யலாம்.

“போட்டிக்காரனுக்கு நம்ம பலவீனம் தெரிஞ்சுரும்” என்பீர்கள். தெரியாமலா இருக்கிறது? என் மோட்டார் எரிந்தால் முதலில் உங்கள் டீலருக்குத்தான் தெரிகிறது, அவர் அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிடுகிறார். உங்களுடையதை என்னிடம் சொல்லுகிறார். பழுது ஊருக்கே தெரியும், காரணம்தான் யாருக்கும் தெரியாது. ரகசியத்தால் கிடைக்கிற லாபம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது பெரிதல்ல. காயிலை வெட்டுவதற்கு முன்னால் ரீவைண்டிங் கடையில் செல்போனில் மூன்று படம் எடுக்க வேண்டும்: காயிலின் இரு முனைகள், பேரிங். ஹெச்.பி., கனெக்‌ஷன், போரின் ஆழம், ஊர், மாதம் ஆகியவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம், சீரியல் எண் வேண்டாம். படம் அனுப்பும் தம்பிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கொடுத்தே ஆக வேண்டும், அவருடைய நேரத்துக்கும் கண்ணுக்கும் விலை உண்டு. பதிவேட்டை நம்மில் யாரும் வைத்திருக்கக் கூடாது. நாசா செய்ததைப் போல, நம்மிடம் எதையும் விற்காத, நம்மைத் தண்டிக்காத ஓர் இடம் வேண்டும். நாமே கூடி உருவாக்கிய சிட்டார்க் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, கொடிசியா, சீமா என்ற நம் தொழில் சங்கங்கள் இருக்கின்றன. யாரிடம் கேட்பது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம். மாதம் ஒரு தாள், நாலு பக்கம், தமிழில் வந்தால் போதும். மேஸ்திரி முதல் முதலாளி வரை எல்லோரும் படிக்க வேண்டும்.

1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த ஊரில் மோட்டார் செய்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு மோட்டார் செய்யும் பக்கத்துப் பட்டறை என்று ஒன்று இருக்கவில்லை. நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டறை இருக்கிறது.

ஐந்து பட்டறைகள் சம்மதித்தால் தொடங்கிவிடலாம். என்னிடம் திரும்பி வந்த மோட்டார்களின் விவரத்தை, என் கம்பெனிப் பெயரோடேயே, முதல் தாளில் போடத் தருகிறேன். என் வைண்டிங் மேஜையிலிருந்து போன பழுதுகளும் அதில் இருக்கும். ஆயுத பூஜை முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கணபதியில் என் பட்டறைக்கு வாருங்கள். வீட்டில் டிபன் ஏற்பாடு இருக்கிறது. வரும்போது எரிந்துபோன ஸ்டேட்டர் ஒன்று கையோடு வரட்டும். காயிலை வெட்டாமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கணபதியிலிருந்து உங்களில் ஒருவன்